பத்து சதவீதச் சுவர் ஏறிய கட்சி

துருக்கியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நம் மாணவர் வட்டங்களில் எர்டோவான் பெயர் வரும். அத்தாதுர்க் பெயர் வரும். கொஞ்சம் தேடிப் படித்தவர்கள் ஆர்மீனிய இனப்படுகொலையைச் சொல்வார்கள். 2012 அக்டோபர் 15 அன்று அங்கே தொடங்கப்பட்ட ஓர் எதிர்க்கட்சியின் கதையை யாரும் சொல்வதில்லை. ஒடுக்கப்பட்டவர்கள் தமக்கென ஒரு கட்சியைக் கட்டும்போது ஆளுங்கட்சி என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும். மற்ற எதிர்க்கட்சிகள் அவர்களை என்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொள்ள, துருக்கியைப் போல் தெளிவான பாடம் வேறெங்கும் கிடைப்பது அரிது.

அந்தக் கட்சியின் பெயர் ஹல்க்லாரின் டெமொக்ராதிக் பார்த்திசி, சுருக்கமாக ஹெச்.டி.பி. தமிழில் 'மக்கள் ஜனநாயகக் கட்சி' என்று எழுதிவிட்டால் விஷயமே தப்பிப் போய்விடும். துருக்கி மொழியில் 'ஹல்க்' என்றால் ஒரு மக்களினம்; 'ஹல்க்லார்' என்றால் பல மக்களினங்கள். ஒரே நாடு, ஒரே தேசம், ஒரே மொழி என்று பள்ளிக்கூடத்திலிருந்து ராணுவ முகாம் வரை ஓதுகிற குடியரசில், பெயர்ப்பலகையிலேயே பன்மை விகுதி போட்டு ஒரு கட்சி வந்தது. இதற்கு முன்னோடியான குர்துக் கட்சிகள் பலவற்றின் பெயரில் இருந்தது ஒருமைதான்.

குர்து மக்கள் துருக்கியின் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு என்பது பொதுவான மதிப்பீடு. சரியான எண்ணைச் சொல்ல வழியில்லை. தாய்மொழி என்ன என்று கேட்டு அரசு வெளியிட்ட கடைசிக் கணக்கெடுப்பு 1965இல் நடந்தது. எண்ணாமல் விட்டால் இல்லாமல் போய்விடுவார்கள் என்ற கணக்கு. நெடுங்காலம் அவர்களை 'மலைத் துருக்கியர்' என்றே அரசு அழைத்தது. 1983இல் ராணுவ ஆட்சி கொண்டுவந்த ஒரு சட்டம் குர்து மொழியின் பெயரைக்கூடச் சொல்லாமல் அதில் எழுதவும் வெளியிடவும் தடை போட்டது. அது 1991 வரை நடப்பில் இருந்தது.

அதே 1983இல் அதே தளபதிகளின் காலத்தில் வந்த தேர்தல் சட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. நாடு முழுவதும் பதிவான வாக்குகளில் 10 சதவீதம் பெறாத கட்சிக்கு நாடாளுமன்றத்தில் ஓர் இடமும் கிடையாது. ஐரோப்பாவில் இவ்வளவு உயரமான சுவர் வேறெங்கும் இல்லை. நிலையான ஆட்சிக்காக என்றார்கள். அது யாரை வெளியே நிறுத்தியது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

2002 தேர்தலில் தென்கிழக்கில் உள்ள ஷிர்நாக் மாகாணத்தில் அன்றைய குர்துக் கட்சியான டெஹாப் 45.95 சதவீத வாக்குகளைப் பெற்றது. நாடு முழுவதும் அதற்குக் கிடைத்தது 6 சதவீதம் சொச்சம். எனவே ஷிர்நாக்கின் மூன்று இடங்களில் அதற்குப் பூஜ்ஜியம். அங்கே 14 சதவீதம் வாங்கிய எர்டோவானின் ஏ.கே.பி.க்கு இரண்டு இடங்கள். 9.69 சதவீதம் வாங்கிய ஒரு சுயேச்சைக்கு மூன்றாவது இடம். தோற்ற வேட்பாளர்கள் இருவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 10 சதவீதம் அதிகம்தான், ஆனாலும் உரிமை மீறல் ஆகாது என்று 2008இல் தீர்ப்பு வந்தது. ஐரோப்பாவைக் காட்டி நம்பிக்கை ஊட்டுகிறவர்கள் அந்தத் தீர்ப்பை ஒருமுறை வாசிக்கலாம்.

இந்தக் கணக்கிலேயே ஒரு சந்தும் இருக்கிறது. சுவர் கட்சிகளுக்கு மட்டும்தான், சுயேச்சைகளுக்குக் கிடையாது. 2007இல் குர்து இயக்கம் அந்தச் சந்தில் புகுந்தது. வேட்பாளர்களைச் சுயேச்சைகளாக நிறுத்தி, எந்தப் பகுதி யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பிரித்து, 22 பேரை உள்ளே அனுப்பியது. அவர்களில் செபஹத் துன்செல் சிறையில் இருந்தபடியே வென்றவர். உள்ளே போனதும் ஒன்றாகச் சேர்ந்து கட்சிக் குழு ஆனார்கள். 2011இல் இடதுசாரிகளோடு சேர்ந்து 36 பேர் வென்றார்கள்.

வழி கிடைத்துவிட்டதே, அப்புறம் எதற்குப் புதுக்கட்சி? இதுதான் கதையின் முக்கியமான இடம்.

சுயேச்சை வழியில் போனால் குர்துக்கள் அடர்ந்து வாழும் மாகாணங்களிலும் பெருநகரங்களின் சில பகுதிகளிலும் மட்டுமே வெல்லலாம். ஒருவருக்குத் தேவைக்கு மேல் விழுந்த வாக்கு வீண். ஏஜியன் கடலோரத்தில் ஒரு துருக்கியத் தொழிலாளி இவர்களுக்கு வாக்களிக்க நினைத்தாலும் வாக்குச்சீட்டில் ஆள் இருக்காது. அதாவது, உங்கள் மூலையில் உங்கள் ஆட்களை வைத்துக்கொள்ளுங்கள், நாட்டைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்கிறோம் என்ற ஏற்பாட்டுக்கு இவர்களே கையெழுத்துப் போட்டதாகிறது. பாதுகாப்பான ஏற்பாடுதான். ஒதுக்கப்பட்ட இடத்தில் கிடைக்கிற பாதுகாப்பு.

ஹெச்.டி.பி. அந்த ஏற்பாட்டை உடைக்கத் தொடங்கப்பட்டது. 2011 அக்டோபரில் குர்து இயக்கம், சோசலிசக் குழுக்கள், பெண்ணிய அமைப்புகள், பசுமை இயக்கத்தார், அலெவிகள், ஆர்மீனியர்கள், சிரியாக் கிறிஸ்தவர்கள் எனப் பலர் கூடி மக்களினங்களின் ஜனநாயகப் பேரவை என்ற கூட்டமைப்பை உருவாக்கினார்கள். ஓராண்டு கழித்து அதிலிருந்து கட்சி பிறந்தது. முதல் தலைவர்கள் இருவர்: கல்வித்துறைப் பேராசிரியர் ஃபத்மா கோக், மனித உரிமைப் பணியில் நெடுங்காலம் இருந்த கட்டடக்கலைஞர் யாவுஸ் ஓனென். அடுத்த ஆண்டு மாநாட்டில் அந்தப் பொறுப்புக்கு செபஹத் துன்செலும் எர்துருல் கூர்க்சூவும் வந்தார்கள். கூர்க்சூ 1972இல் கிஸில்தெரே என்ற ஊரில் ராணுவம் நடத்திய கொலையில் உயிர் தப்பிய ஒரே ஆள். பதினான்கு ஆண்டுகள் சிறையில் இருந்த துருக்கிய இடதுசாரி. ஒரு குர்துப் பெண்ணும் ஒரு துருக்கியப் புரட்சியாளரும் ஒரே நாற்காலியைப் பகிர்ந்தது அலங்காரத்துக்காக அல்ல. ஓர் ஆண், ஒரு பெண் என்ற இணைத்தலைமை முறையை இதற்கு முந்தைய குர்துக் கட்சி 2005லேயே நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தது. சட்டம் அதை அனுமதித்தது 2014இல்தான். ஒன்பது ஆண்டுகள் சட்டத்துக்கு முன்னால் நடந்தார்கள்.

இந்தக் கட்சிக்குப் பின்னால் ஒரு கல்லறை வரிசையே இருக்கிறது. 1989இல் பாரிஸில் நடந்த குர்து மாநாட்டுக்குப் போன குற்றத்துக்காக ஏழு நாடாளுமன்ற உறுப்பினர்களை வெளியேற்றியது யார் தெரியுமா? சமூக ஜனநாயகக் கட்சி. வெளியேற்றப்பட்டவர்களும் அதைக் கண்டித்து விலகியவர்களும் சேர்ந்து 1990இல் ஹெப் என்ற கட்சியைத் தொடங்கினார்கள். 1991இல் அதன் தியார்பகிர் மாகாணத் தலைவர் வேதாத் அய்தின் கடத்திக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு தேர்தலில் வென்ற லேலா ஸானா, நாடாளுமன்றத்தில் கட்டாய உறுதிமொழியைத் துருக்கியில் படித்து முடித்து, துருக்கிய மக்களுக்கும் குர்து மக்களுக்கும் இடையிலான சகோதரத்துவத்துக்காக இதைச் செய்கிறேன் என்று குர்து மொழியில் ஒரு வாக்கியம் சேர்த்தார். அவை கொந்தளித்தது. 1993இல் ஹெப்பை அரசியல் சாசன நீதிமன்றம் மூடியது. அடுத்து வந்த டெப் கட்சியின் உறுப்பினர் மெஹ்மெத் சின்ஜார் பாத்மானில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1994 மார்ச்சில் மற்றவர்களின் சட்டப் பாதுகாப்பைப் பறித்துக் கைது செய்தார்கள், ஜூனில் கட்சியை மூடினார்கள். ஸானாவுக்குப் பதினைந்து ஆண்டுத் தண்டனை. 2004 வரை அவர் உள்ளே இருந்தார். ஹாதெப் 2003இல் மூடப்பட்டது, டி.டி.பி. 2009இல். ஒன்றை மூடும்போது அடுத்தது தயாராக இருக்கும். இப்படி ஒரு பழக்கம் ஒரு மக்களுக்கு வந்துவிட்டது என்றால் அந்தக் குடியரசு வெட்கப்பட வேண்டும்.

2014 ஆகஸ்டில் நடந்த அதிபர் தேர்தலில் ஹெச்.டி.பி.யின் செலாஹத்தின் தெமிர்தாஷ் போட்டியிட்டார். நாற்பதைத் தாண்டிய வழக்கறிஞர், நகைச்சுவையாகப் பேசுகிறவர், மேடையில் சாஸ் வாசிக்கிறவர். 9.76 சதவீதம் வாங்கினார். சுவரின் விளிம்பில் விரல் தொட்ட மாதிரி. அதை வைத்துக் கட்சி ஒரு முடிவெடுத்தது: 2015 தேர்தலில் சுயேச்சை கிடையாது, கட்சியாகவே நிற்போம்.

இது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்று யோசித்துப் பாருங்கள். 9.9 சதவீதம் வாங்கினால் ஓர் இடமும் இல்லை. குர்து மாகாணங்களின் இடங்கள் எல்லாம் ஏ.கே.பி.க்குப் போகும், அரசியல் சாசனத்தைத் திருத்தும் பலம் எர்டோவானுக்குத் தானாக வந்து சேரும். உங்கள் வீரத்துக்கு நாடு விலை கொடுக்கப் போகிறது என்று நல்ல மனிதர்களே எச்சரித்தார்கள். ஒடுக்கப்பட்டவர்கள் ஓர் அடி முன்னால் வைக்கும்போதெல்லாம் 'நேரம் சரியில்லை' என்று சொல்ல ஒரு நல்ல மனிதர் எங்கிருந்தோ வந்துவிடுவார்.

அந்தத் தேர்தலின் வேட்பாளர் பட்டியல் அதுவரை துருக்கி பார்க்காதது. இஸ்தான்புல்லில் ஆர்மீனியர் கரோ பைலான், மார்தினில் சிரியாக் கிறிஸ்தவர் எரோல் தோரா, யாஸிதி சமூகத்திலிருந்து ஃபெலெக்னாஸ் உஜா. எஸ்கிஷெஹிர் நகரில் தன்பாலின ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்த ஒருவர் வேட்பாளராக நின்றார். எர்டோவானை எல்லா அதிகாரமும் கொண்ட அதிபராக்க விடமாட்டோம் என்பதே தெமிர்தாஷின் பிரச்சாரத்தின் சாரம். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு தியார்பகிர் பேரணியில் குண்டு வெடித்தது. 2015 ஜூன் 7 இரவு எண்ணி முடித்தபோது ஹெச்.டி.பி.க்கு 13.12 சதவீதம், 80 இடங்கள். ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு பெண்கள். பதின்மூன்று ஆண்டுகளில் முதல்முறையாக ஏ.கே.பி. தனிப் பெரும்பான்மையை இழந்து 258இல் நின்றது.

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். மொத்தம் 550 இடங்கள். எதிர்க்கட்சிகள் மூன்றும் சேர்ந்தால் 292. அத்தாதுர்க்கின் கட்சியான சி.எச்.பி. 132, துருக்கிய தேசியவாத எம்.எச்.பி. 80, ஹெச்.டி.பி. 80. எர்டோவானின் கட்சியை ஆட்சியிலிருந்து இறக்கப் போதுமான எண்ணிக்கை கையில் இருந்தது. எம்.எச்.பி. தலைவர் தெவ்லெத் பாஹ்செலி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: ஹெச்.டி.பி. உள்ளே இருந்தாலும் கூடாது, வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தாலும் கூடாது. அவர்கள் வாக்கு பட்டாலே தீட்டு. இதற்கு நம் மொழியில் ஒரு சொல் இருக்கிறது, அதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஆட்சி அமையவில்லை. நவம்பர் 1இல் மறுதேர்தல் நடந்தது. ஏ.கே.பி. 49.5 சதவீதத்தோடு திரும்பி வந்தது. பாஹ்செலி சில ஆண்டுகளில் எர்டோவானின் கூட்டாளியே ஆனார். எதிர்க்கட்சிகள் எல்லாம் ஒன்று சேர்ந்தால் சர்வாதிகாரம் விழுந்துவிடும் என்று சொல்கிற தோழர்கள், அந்த 'எல்லாம்' என்ற சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்று முதலில் கேட்டுவிட்டு மேலே பேசலாம்.

இரண்டு தேர்தல்களுக்கும் இடையில் நாடு எரிந்தது. ஜூலையில் சுருச் நகரில், கோபானி குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் கொண்டுபோகக் கூடியிருந்த சோசலிச இளைஞர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் குண்டுக்குப் பலியானார்கள். அக்டோபர் 10 அன்று அங்காராவில் அமைதிப் பேரணியில் நூறுக்கும் மேற்பட்டோர். அரசுக்கும் பி.கே.கே.வுக்கும் இடையிலான பேச்சுவார்த்தை முறிந்து போர் மீண்டும் தொடங்கியது. குர்து நகரங்களில் இளம் போராளிகள் பதுங்குகுழி வெட்டினார்கள். ராணுவம் அந்தத் தெருக்களைத் தரைமட்டமாக்கியது.

ஹெச்.டி.பி.யை நாம் விமர்சிக்க வேண்டிய இடமும் இதுதான். ஜூனில் நம்பி வாக்களித்த மேற்குத் துருக்கியருக்கும், அமைதி வேண்டி ஏ.கே.பி.யிலிருந்து வந்த பழமைவாதக் குர்துக்களுக்கும் பதுங்குகுழி அரசியலைப் பற்றித் தெளிவாக ஒரு வார்த்தை சொல்ல அதனால் முடியவில்லை. ஆயுத இயக்கத்தின் நிழலில் வளர்ந்த வெகுமக்கள் கட்சிக்கு அந்த வார்த்தை எவ்வளவு கடினம் என்பது புரிகிறது. அரசு இரண்டுக்கும் நடுவே கோடு தெரியக்கூடாது என்றே விரும்பியது என்பதும் புரிகிறது. இருந்தாலும் கோட்டைக் கிழிக்க வேண்டியது கட்சியின் வேலை. நவம்பரில் வாக்கு 10.76ஆகக் குறைந்தது. இடங்கள் 59. சுவரைத் தாண்டினார்கள், மயிரிழையில்.

சுவர் தடுக்காதபோது கதவைப் பூட்டினார்கள். 2016 மே மாதம் நாடாளுமன்ற உறுப்பினர்களின் சட்டப் பாதுகாப்பை நீக்கும் திருத்தம் வந்தது. குறி யாருக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். சி.எச்.பி. தலைவர் கெமால் கிலிச்தாரோலு, இது அரசியல் சாசனத்துக்கு விரோதம், ஆனாலும் ஆம் என்போம் என்ற பொருளில் பேசினார். 376 வாக்குகளோடு நிறைவேறியது. நவம்பர் 4 அன்று தெமிர்தாஷும் இணைத்தலைவர் ஃபிகென் யுக்செக்தாகும் கைதானார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் சி.எச்.பி.யின் சொந்த உறுப்பினர் எனிஸ் பெர்பெரோலு சிறைக்குப் போனார். அப்போதுதான் கிலிச்தாரோலு கையில் 'நீதி' என்ற அட்டையோடு அங்காராவிலிருந்து இஸ்தான்புல் வரை நடந்தார். நல்ல நடைதான், நாம் மதிக்கிறோம். ஏழு மாதம் முன்பே தொடங்கியிருக்கலாம்.

அதன் பிறகும் குர்து வாக்கு வேண்டும், குர்து ஆள் வேண்டாம் என்பதே நடைமுறை. 2018இல் நான்கு எதிர்க்கட்சிகள் கூட்டணி அமைத்தன. ஹெச்.டி.பி.க்கு அழைப்பில்லை. தனியாக நின்று 11.7 சதவீதமும் 67 இடங்களும் வாங்கியது. தெமிர்தாஷ் எதிர்னே சிறையிலிருந்து அதிபர் தேர்தலில் நின்று 8.4 சதவீதம் பெற்றார். 2019இல் இஸ்தான்புல்லில் ஹெச்.டி.பி. வேட்பாளரை நிறுத்தாமல் விட்டது. சி.எச்.பி.யின் எக்ரெம் இமாமோலு சுமார் பதின்மூன்றாயிரம் வாக்கு வித்தியாசத்தில் மேயர் ஆனார். அதே ஆண்டு ஆகஸ்டில் தியார்பகிர், மார்தின், வான் நகரங்களின் ஹெச்.டி.பி. மேயர்களை உள்துறை அமைச்சகம் நீக்கி, 'கய்யும்' எனப்படும் அரசு நிர்வாகிகளை உட்கார வைத்தது. 2023இல் ஆறு கட்சிகள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தன. ஏழாவது நாற்காலி போடப்படவில்லை. முதல் சுற்றில் பின்தங்கிய கிலிச்தாரோலு, இரண்டாம் சுற்றுக்கு முன் அகதி வெறுப்பை மூலதனமாக வைத்திருக்கும் உமித் ஓஸ்தாகோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதில் கய்யும் முறைக்கும் இடம் இருந்தது. மறுநாள் குர்துக் கட்சி கூடியது. நம்மை விற்றுவிட்டான் என்று திட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். தனிமனித ஆட்சியை முடிக்க வாக்களிக்கப் போவோம் என்றே அறிவித்தது. தியார்பகிரில் கிலிச்தாரோலுவுக்கு 70 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அவர் நாட்டளவில் தோற்றார்.

அந்த முடிவு சரியா என்று நம் நண்பர்களிடையே இன்றும் வாக்குவாதம் நடக்கிறது. சுயமரியாதை இழந்த முடிவு என்பது ஒரு தரப்பு. நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. மேசையில் இடம் தராதவர்களுக்கு வாக்களித்தாலும், எதற்காக வாக்களிக்கிறோம் என்பதைத் தாங்களே தீர்மானித்தார்கள், சொல்லிவிட்டுச் செய்தார்கள். பேரம் பேசாமல் கொடுத்ததில்தான் எங்களுக்கு மாறுபாடு. கய்யும் முறையைக் கைவிடுகிறேன் என்ற ஒரு வரியையாவது எழுதி வாங்கியிருக்க வேண்டும். ஓஸ்தாக் எழுதி வாங்கினாரே.

தீட்டு ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தவர்களுக்கு அது வேறு வழியில் வந்து ஒட்டியது. 2025 மார்ச் 19 அன்று இமாமோலுவையே பிடித்துக்கொண்டு போனார்கள். முக்கியக் குற்றச்சாட்டு ஊழல்; கூடவே பயங்கரவாத விசாரணை ஒன்றும் இருந்தது. உள்ளாட்சித் தேர்தலில் குர்துக் கட்சியோடு செய்துகொண்ட புரிந்துணர்வுதான் அதற்கு அடிப்படை. 2016இல் ஆம் என்று கை தூக்கியவர்கள் அன்று ஊர்வலத்தில் நின்றார்கள்.

சுவர் 2022இல் 7 சதவீதமாகக் குறைந்தது. குறைத்தது எர்டோவானும் பாஹ்செலியும்தான். உயரம் யாருடைய கால் எட்டாதபோது குறைகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஹெச்.டி.பி. மீது 2021 மார்ச்சில் தடை வழக்கு போடப்பட்டது. தேர்தலுக்கு நடுவில் தீர்ப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்று 2023இல் பசுமை இடது கட்சியின் பெயரில் நின்று 61 இடங்கள் வாங்கினார்கள். கோபானி வழக்கில் 2024 மே மாதம் தெமிர்தாஷுக்கு 42 ஆண்டுகள், யுக்செக்தாகுக்கு 30 ஆண்டுகளுக்கு மேல் தண்டனை. தெமிர்தாஷை விடுவிக்க வேண்டும் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2020 டிசம்பரிலேயே சொல்லியிருந்தது.

பசுமை இடது கட்சி 2023 அக்டோபர் 15 அன்று, ஹெச்.டி.பி. பிறந்த அதே தேதியில், மாநாடு கூட்டித் தன் பெயரை மாற்றிக்கொண்டது. புதுப் பெயரின் சுருக்கம் ஹெதெப். இருபது ஆண்டுக்கு முன் தடை செய்யப்பட்ட ஹாதெப்பைப் போல ஒலிக்கிறது, அனுமதிக்க முடியாது என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் ஆட்சேபித்தது. செத்துப்போன கட்சியின் எழுத்தைக்கூட நினைவில் வைத்திருக்கிறார்கள். சுருக்கத்தை 'டெம்' என்று மாற்றினார்கள். குர்து மொழியில் 'டெம்' என்றால் காலம். 2024 மார்ச் 31 உள்ளாட்சித் தேர்தலில் அந்தப் பெயரில் பத்து மாகாணத் தலைநகரங்களை வென்றார்கள். வான் நகரில் வென்ற அப்துல்லா ஸெய்தானுக்குத் தகுதியில்லை என்று சொல்லி, தோற்ற ஏ.கே.பி. வேட்பாளருக்குச் சான்றிதழ் கொடுக்கப்பட்டது. மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஏப்ரல் 3 அன்று சான்றிதழ் ஸெய்தான் கைக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் அங்கும் கய்யும் வந்தார்.